தங்கவயலின் மழலையரும் ஆப்பிரிக்கா தரும் பாடமும்

(கோலார் தங்கவயலில் அங்கன்வாடி ஊழியர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தங்கவயலின் இன்றைய நிலையை அறிய விரும்புவோர், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலைப் பார்த்தால் போதும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கி உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கூலி தேடி நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். ரயில் ஏறும் இளம் தாயின் குழந்தை, லைன் வீட்டில் பாட்டியின் அருகில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் இரவில் திரும்பும்போது அது மீண்டும் உறங்கியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அந்தக் குழந்தையை வளர்ப்பது யார்? எந்த மொழியில், எவருடைய செலவில் வளர்க்கின்றனர்? இவை தொழிலாளி வர்க்கத்தின் கேள்விகள்.

இக்கேள்விகளை முன்னரே சந்தித்த பூமி ஆப்பிரிக்கா. ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கிய அதே 1880களில்தான், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டிலும் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. இங்கே வடஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த உழைப்பாளிகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், குடும்பத்துடன் லைன்களில் குடியேற்றப்பட்டனர். அங்கே ஆண் தொழிலாளிகள் மட்டும் சுரங்க வளாகக் கொட்டடிகளில் அடைக்கப்பட்டனர். மனைவியும் குழந்தைகளும் தொலைதூரக் கிராமங்களில் விடப்பட்டனர். கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே ஒதுக்கியது 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம். அந்தத் துண்டு நிலத்தில் பாட்டிமார்களும் அத்தைமார்களும் குழந்தைகளை வளர்த்தனர்.

தென்னாப்பிரிக்க மார்க்சிய அறிஞர் ஹாரல்ட் வோல்ப் 1972இல் எழுதிய கட்டுரையில் இதன் பொருளாதாரத்தை விளக்கினார். தொழிலாளியின் கூலியில் அவன் குடும்பத்தைப் பேணும் செலவும் அடங்கியிருக்க வேண்டும். அந்தச் செலவைக் கிராமத்து உறவினரின் தலையில் சுமத்திவிட்டால், முதலாளி கூலியைக் குறைத்துக்கொள்ளலாம். பாட்டியின் அன்பு சுரங்க முதலாளியின் லாபமாக மாறியது இப்படித்தான். சுரங்கம் இயங்கிய காலத்தில் குடும்பத்தோடு வாழ்ந்த தங்கவயல், சுரங்கம் மூடிய பிறகு அந்த ஆப்பிரிக்கக் கிராமத்தின் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பெங்களூரு உழைப்பை வாங்கிக்கொள்கிறது. குழந்தையை வளர்க்கும் செலவைத் தங்கவயலின் பாட்டிகள் சுமக்கின்றனர்.

ஆனால் ஆப்பிரிக்காவின் பாடம் இத்துடன் முடிவதில்லை. கேமரூன் நாட்டு உளவியல் அறிஞர் பாமே என்சாமெனாங், குழந்தை வளர்ச்சி குறித்த மேலைநாட்டுக் கோட்பாடுகள் உலகப் பொதுவிதிகளாக ஏற்றுமதி செய்யப்படுவதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆப்பிரிக்கக் குழந்தை, பெரியவர்களின் வேலையில் பங்கேற்றும், அண்ணன் அக்காள்களுடன் விளையாடியும், சிறு பொறுப்புகளை ஏற்றும் கற்கிறது. அதைக் குறைபாடாகக் கருதாமல் கல்வியின் அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்றார் அவர். நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபஃபுன்வாவின் முன்முயற்சியில் 1970இல் தொடங்கிய திட்டத்தில், ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதும் யொரூபா மொழியில் கற்பிக்கப்பட்டது. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் இருந்தது. அக்குழந்தைகள் மற்றப் பாடங்களில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. கென்யாவின் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, மாலை நேரத்தில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கிக்கூயு மொழியில் கதை கேட்டதையும், பின்னர் காலனியப் பள்ளியில் அதே மொழியைப் பேசியவர்கள் பிரம்படி பட்டதையும் பதிவுசெய்திருக்கிறார்.

தோழர்களே, இவற்றைத் தங்கவயலில் பொருத்திப் பாருங்கள். இந்த லைன்கள் பண்பாடற்ற இடங்கள் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் வெளியிட்டது இந்தச் சுரங்க நகரிலிருந்துதான். தொழிலாளர்கள் தாமே படிப்பகங்களையும் சங்கங்களையும் கட்டிய மண் இது. மூன்று வயதுக் குழந்தை அங்கன்வாடிக்குள் நுழையும்போது வெறும் கையுடன் வருவதில்லை. தாலாட்டையும் விடுகதையையும், உறவுமுறைச் சொற்களையும், தெருவிளையாட்டையும் சுமந்தே வருகிறது. ஒரு பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைகளைக் குழிகளில் இட்டுச் செல்லும் குழந்தை எண்ணுகிறது, பகிர்கிறது, முன்கூட்டிச் சிந்திக்கிறது. கானாவில் ஒவாரே என்றும் கிழக்கு ஆப்பிரிக்காவில் பாவோ என்றும் வழங்கும் விளையாட்டுகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இருந்தும், தனியார் மழலையர் பள்ளியின் ஆங்கில விளம்பரப் பலகையின் முன்னால், வீட்டு அறிவு அறிவே அல்ல என்று தொழிலாளித் தாய் நம்பவைக்கப்படுகிறாள். மாண்டிசோரி என்ற பெயர் இன்று கட்டணம் வசூலிக்கும் பெயராகிவிட்டது. மரியா மாண்டிசோரி 1907இல் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற உழைப்பாளர் குடியிருப்பில், வேலைக்குச் சென்ற பெற்றோரின் குழந்தைகளுக்காகவே திறந்தார் என்பது மறக்கடிக்கப்பட்டுவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "அவரவர் மொழி, அவரவர் பண்பாடு" என்ற முழக்கத்தைத் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசும் எழுப்பியது. 1953ஆம் ஆண்டு பான்டு கல்விச் சட்டம் தாய்மொழியின் பெயரால் கறுப்பினக் குழந்தைகளைத் தரம் தாழ்ந்த கல்விக்குள் அடைத்தது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள், திணிக்கப்பட்ட ஆஃப்ரிகான்ஸ் மொழிக்கு எதிராக மட்டுமன்றி, அந்தக் கல்விமுறை முழுவதற்கும் எதிராகத் தெருவில் இறங்கினர். சமத்துவம் இல்லாத தாய்மொழிக் கல்வி ஒரு கூண்டாகலாம். மூத்த அக்காள் தம்பியை வளர்ப்பது அழகிய மரபு. ஆனால் அதற்காக அவள் பள்ளியை இழந்தால் அது சுரண்டல். எனவே பழமையைப் போற்றுவது வேறு, உழைக்கும் மக்களின் அறிவை மதித்து அதன்மேல் கட்டுவது வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? 2002இன் 86ஆவது திருத்தத்திற்குப் பின், அரசமைப்பின் 45ஆவது பிரிவு ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் குறித்துப் பேசுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி கோரும் 350ஏ பிரிவு, தொடக்கப்பள்ளி நிலையைப் பற்றியது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோ "இயன்ற இடங்களில்" என்று நழுவுகிறது. ஆக, கர்நாடகத்தில் தமிழோ தெலுங்கோ பேசும் மூன்று வயதுக் குழந்தை, எந்தச் சட்டத்தின் நிழலும் படாத இடைவெளியில் நிற்கிறது.

அந்த இடைவெளியை நிரப்புபவர் அங்கன்வாடி ஊழியர். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்களாக விரிந்திருக்கிறது. ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாயும் உதவியாளருக்கு 2,250 ரூபாயும் என 2018இல் ஒன்றிய அரசு நிர்ணயித்தது. அதற்குப் பெயர் ஊதியம்கூட அல்ல, மதிப்பூதியம். பாட்டியின் உழைப்பை அன்பு என்றும், அங்கன்வாடி ஊழியரின் உழைப்பைத் தொண்டு என்றும் அழைப்பது ஒரே தந்திரத்தின் இரு முகங்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது, நீண்ட போராட்டத்தின் ஒரு படி.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ரயில் நேரத்திற்கு ஏற்பத் திறந்திருக்கும் முழுநாள் குழந்தைக் காப்பகங்கள் தங்கவயலில் வேண்டும். குழந்தையின் வீட்டு மொழியில் தொடங்கி, மாநில மொழியான கன்னடத்தை விளையாட்டின் வழியே இணைக்கும் கற்பித்தல் வேண்டும். கன்னட உழைப்பாளியின் குழந்தையும் தமிழ் உழைப்பாளியின் குழந்தையும் ஒரே திண்ணையில் அமர வேண்டும். மொழியின் பெயரால் அவர்களைப் பிரிப்போருக்கு இடமில்லை. லைன்களின் பாட்டிமார்களும் பழைய சுரங்கத் தொழிலாளர்களும் கதை சொல்ல மையங்களுக்கு அழைக்கப்பட வேண்டும். அது ஊழியர் பணியிடத்தை வெட்டுவதற்கான சாக்காக ஆகக்கூடாது. அங்கன்வாடி ஊழியரும் உதவியாளரும் அரசு ஊழியராக்கப்பட வேண்டும்.

நூற்றிருபது ஆண்டுகள் இந்த மண்ணிலிருந்து தங்கம் போனது. சயனைடு கழிவு மேடுகள் எஞ்சின. காற்றடிக்கும்போது அந்தத் தூசி படிவது இங்கே வளரும் குழந்தைகளின்மேல்தான். தங்கத்தை எடுத்துச்சென்ற அரசு அந்தக் குழந்தைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை வசூலிக்கும் போராட்டம் அங்கன்வாடியின் வாசலிலிருந்து தொடங்கட்டும்!