இல்லமும் ஆபத்து வேளையும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆபத்து நாள் குறித்து வருவதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையிற் கடல் பொங்கி எமது கரைகளை அழித்தது. ஆயினும், ஊரெல்லாம் அழியும் நாளில் மாத்திரமன்று, நடுச்சாமத்தில் ஒரு முதியவர் மயங்கிச் சரியும்போதும் வீட்டுக்கு ஆபத்தே.

எமது இல்லத்தில் அவ்வாறு நிகழ்ந்தது. சலரோகத்துக்கு மருந்தெடுக்கும் அப்பாச்சி ஓர் இரவு உடல் வியர்த்து, பேச்சுக் குழறிச் சரிந்தார். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள். அலுமாரித் திறப்போ கொழும்புக்குச் சென்ற தந்தையாரிடம். டோர்ச் லைட்டில் பற்றரி இல்லை. பாடசாலையில் முதலுதவி கற்றுச் சான்றிதழும் பெற்ற நாம் அறைக்கும் முற்றத்துக்குமாக ஓடினோம். அயல்வீட்டு ஆச்சி வந்து, "பிள்ளை, சீனித் தண்ணி குடுத்தனீங்களே?" என்று கேட்ட பின்னரே எமக்கு அறிவு வந்தது. அப்பாச்சிக்கு விழுங்கும் நினைவு இருந்தபடியாற் பிழைத்தார். நினைவிழந்தவருக்கு வாயால் எதுவும் கொடுத்தலாகாது.

சான்றிதழ் சுவரில் இருந்தது. ஆயத்தம் வீட்டில் இருக்கவில்லை. அன்று தொட்டு மூன்று காரியங்களைச் செய்து வருகின்றோம்.

முதலாவது, சுவரில் ஒரு தாள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. 1990 சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து நாடெங்கும் பரவியது, கட்டணம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியையும் அத்தாளில் எழுதியுள்ளோம்; பதற்றத்தில் ஒழுங்கையின் பெயரும் மறந்துபோம்.

இரண்டாவது, பூட்டில்லாத ஒரு பெட்டி. பஞ்சு, காயத்துக்குக் கட்டும் துணி, கத்தரிக்கோல், ஜீவனிப் பைக்கற்று, டோர்ச் லைட் ஆகியன அதில் உள. சிறுவர் கைக்கு எட்டாத தட்டில் வைத்து, மாதந்தோறும் முதலாந் திகதி திறந்து பார்க்கின்றோம்.

மூன்றாவது, நீர் புகாத ஒரு பை. அதில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, கிளினிக் கொப்பி. வெள்ளம் வந்தால் எடுத்துக்கொண்டு புறப்படலாம்.

பழைய வழக்கங்கள் சிலவற்றையும் விடவேண்டும்; பெரியோர் பொறுத்தருள்க. தீப்புண்ணுக்குப் பற்பசையும் எண்ணெயும் வேண்டாம். குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்றுக. பாம்பு தீண்டினால் இறுகக் கட்டுதலும் கீறுதலும் கேடு. அவரை நடக்க விடாது, தீண்டிய அவயவத்தை அசையாது வைத்து, ஆஸ்பத்திரிக்கு விரைக.

நண்பர்களே, பிள்ளைகள் கடல் கடந்து போக, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! வரும் ஞாயிற்றுக்கிழமை இருவர் இருவராய் அவ்வீடுகளுக்குச் செல்வோம். அத்தாளை ஒட்டி, எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, டோர்ச் லைட்டுக்குப் பற்றரியும் போட்டுவிட்டு வருவோம். எமது வீட்டுக்கு ஓர் ஆச்சி ஓடி வந்தார். அவர்களுக்கு நாம் ஓடுவோம்.