குதிரை மருத்துவம் படிக்க எந்தக் கல்லூரி?



பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு நாம் சென்றிருந்தபோது, மூன்றாம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நான் குதிரை டாக்டராக வேண்டும். அதற்கு எந்தக் காலேஜில் சேர வேண்டும்?" என்பதே அந்தக் கேள்வி. பக்கத்தில் நின்ற அவள் தந்தையார் சிரித்துவிட்டார். "ஐயா, இவளுடைய தாத்தா பத்து காந்தோங் பந்தயத் திடலில் சைஸாக இருந்தவர். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். இப்போது அந்தத் திடலே மூடிக் கிடக்கிறது. குதிரை இல்லாத ஊரில் குதிரை வைத்தியமா?" என்றார்.

மகளின் கேள்வியும் நியாயமானது. தந்தையின் கேள்வியும் நியாயமானது. இரண்டுக்கும் சேர்த்து இன்று விடை தேடுவோம்.

முதலில் தந்தை சொன்னதை எடுத்துக்கொள்வோம். பினாங்குக் குதிரைப் பந்தயச் சங்கம் 1864ஆம் ஆண்டில் தோன்றியது. நம் நாட்டிலேயே மிகப் பழைய பந்தயச் சங்கம் அதுதான். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த பந்தயம், 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சிங்கப்பூரிலும் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. ஆகவே, பந்தயக் குதிரையை மட்டும் நம்பி ஒரு பிள்ளை தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்வது இன்று ஆபத்தான காரியமே. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால், பந்தயம் குறைந்தது என்பதற்காகக் குதிரை மருத்துவமே இல்லாமல் போய்விடுமா? சிலாங்கூரிலும் ஈப்போவிலும் பந்தயச் சங்கங்கள் இருக்கின்றன. போலோ ஆட்டக் குதிரைகள், சவாரிப் பள்ளிக் குதிரைகள், காவல் படையின் குதிரைகள், இராணுவ அணிவகுப்புக் குதிரைகள் என்று பலவகை உண்டு. நெடுந்தூரச் சகிப்புத்தன்மைப் பந்தயத்தின் உலக வாகையர் போட்டியே 2008ஆம் ஆண்டில் நம் திரெங்கானுவில் நடந்தது. அந்தப் போட்டியில் ஒவ்வொரு கட்டத்திலும் குதிரையின் நாடித் துடிப்பைச் சோதித்து, "இது மேலே ஓடலாம், இது ஓடக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்பவர் கால்நடை மருத்துவரே.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பந்தயக் குதிரையின் எடை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ. ஓய்வாக நிற்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறைதான் துடிக்கும். இவ்வளவு பெரிய பிராணிக்கு ஒரு விசித்திரமான பலவீனம் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. அதனால் வயிற்றில் வாயு சேர்ந்தாலும், குடல் முறுக்கிக்கொண்டாலும், குதிரை தரையில் புரண்டு துடிக்கும். இதைக் குதிரைச் சூலை என்று சொல்லலாம். குடல் முறுக்காக இருந்தால், சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். நடுநிசியானாலும் மழையானாலும் மருத்துவர் கிளம்பத்தான் வேண்டும். உதையும் கடியும் இந்தத் தொழிலில் சகஜம்.

நம் நாட்டுக்கே உரிய நோய்களும் உண்டு. குதிரையும் நம்மைப் போலவே வியர்த்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. குளிர் நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த குதிரைகளில் சில, இங்குள்ள வெப்பத்தையும் ஈரக் காற்றையும் தாங்காமல் வியர்ப்பதையே நிறுத்திவிடும். தோல் காய்ந்து, மூச்சு வாங்கி, ஓட முடியாமல் நின்றுவிடும். இதை அந்த நாளிலேயே மலாயாவின் குதிரை லாயங்களில் கண்டறிந்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்னும் கொடிய நோய் தாய்லாந்தில் பரவி, 500க்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. சிறு கொசு போன்ற பூச்சியால் பரவும் அந்நோய், அதே ஆண்டில் நம் நாட்டிலும் காணப்பட்டது. இதைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பும் கால்நடை மருத்துவர்களுடையதே.

இனி, மகளின் கேள்விக்கு வருவோம். எந்தக் கல்லூரி?

இங்கேதான் பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். கால்நடை மருத்துவப் பட்டத்தைக் குதிரைக்கு மட்டும் என்று தனியாகத் தருவதில்லை. மாடு, ஆடு, கோழி, பன்றி, நாய், பூனை என்று எல்லாவற்றையும் படித்துப் பட்டம் பெற்று, பதிவு செய்துகொண்ட பிறகுதான், குதிரை மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற வேண்டும். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் தொடங்கிய குளோது பூர்ழெலா என்பவர், அடிப்படையில் குதிரையேற்றம் கற்பித்த ஆசிரியர். குதிரையில் தொடங்கியவர்தான், ஆயினும், மாடுகளைக் கொன்று குவித்த கொள்ளைநோயைத் தடுப்பதும் அந்தப் பள்ளியின் நோக்கமாக இருந்தது. ஆகவே, குதிரையை விரும்பும் பிள்ளை முதலில் மாட்டையும் ஆட்டையும் மதித்துப் படிக்க வேண்டும். தோட்டத்தில் மாட்டுக் கொட்டகையோடு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு குறையல்ல. கன்று ஈனும்போது கூடவே நின்ற அனுபவம், பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத மூலதனம்.

ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அந்தப் பட்டம் இங்கே செல்லுமா? நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே மருத்துவம் பார்க்கலாம். எந்தெந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏற்கப்படும் என்பதற்கு அம்மன்றத்தில் ஒரு பட்டியல் உண்டு. நாம் அறிந்த ஒரு குடும்பம், ஏஜெண்டு சொன்னதை நம்பி, நகைகளை விற்று, வெளிநாட்டில் ஒரு கல்லூரிக்கு மகனை அனுப்பியது. மூன்றாம் ஆண்டில்தான் அந்தப் பட்டம் பட்டியலில் இல்லை என்பது தெரிய வந்தது. போன பணமும் வரவில்லை; போன வருடங்களும் வரவில்லை. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஏஜெண்டைக் கேட்காதீர்கள். மன்றத்துக்கே எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: அங்கே மாணவர் கைக்குக் குதிரை கிடைக்குமா? புத்தகத்தில் உள்ள குதிரை உதைக்காது. கல்லூரி மருத்துவமனைக்கு ஆண்டுக்கு எத்தனை குதிரைகள் வருகின்றன, இரவு முறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா, குதிரையைத் தூக்கிக் கிடத்தி அறுவை செய்யும் வசதி உண்டா, விடுமுறையில் வெளி லாயங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு? முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், விமானச் செலவு என்று எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவது கேள்வி: படித்து முடித்ததும் என்ன? குதிரை வேலை உடனே கிடைக்காவிட்டால், அதே பட்டத்தை வைத்து வேறு பிராணிகளுக்கு மருத்துவம் பார்த்துப் பிழைக்க முடியுமா?

இந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு சில இடங்களைப் பார்ப்போம்.

நம் நாட்டில் இரண்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கால்நடை மருத்துவம் உண்டு. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம் மூத்தது. விவசாயப் பல்கலைக்கழகமாக இருந்த 1970ஆம் ஆண்டுகளிலேயே இப்படிப்பைத் தொடங்கியது. ஐந்தாண்டுப் படிப்பு. சொந்தமாகக் கால்நடை மருத்துவமனையும் குதிரைப் பிரிவும் அங்கே உண்டு. சுங்கை பீசியிலுள்ள சிலாங்கூர்ப் பந்தயத் திடலும் அங்கிருந்து அதிகத் தூரமில்லை. மற்றொன்று, கோத்தா பாருவிலுள்ள மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகம். இரண்டிலும் அரசாங்கமே பெரும்பங்கு செலவை ஏற்பதால், கட்டணம் தோட்டக் குடும்பத்துக்கு எட்டக்கூடியது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வேப்பேரியில் உள்ளது. 1989 முதல் அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. உள்பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பாடம் ஆங்கிலத்தில்தான். ஊரும் உணவும் பழக்கமானவை என்பது உண்மையே. ஆனால், வெளிநாட்டு மாணவருக்கு இடமும் கட்டணமும் வேறு. நம் முதல் கேள்வியை அங்கேயும் கேட்டே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரின் மர்டோக் பல்கலைக்கழகம், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கேட்டன் வளாகம் ஆகியவற்றில் குதிரை மருத்துவமனைகள் உண்டு. இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. குதிரை என்று பார்த்தால் இவை சிறந்த இடங்கள்தாம். ஆனால், ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஆக, அங்கே ஓர் ஆண்டுக் கட்டணம் என்பது, இங்கே ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ பத்து ஆண்டுச் சம்பளம். சேமநிதியையும் வீட்டையும் வைத்து இந்தச் சூதாட்டத்தில் இறங்க வேண்டாம். முழு உபகாரச் சம்பளம் கிடைத்தால் போகட்டும், இல்லையேல் வேண்டாம்.

அப்படியானால் அந்த மருத்துவமனைகளின் கதவு நம் பிள்ளைக்கு மூடியதுதானா? இல்லை. உள்நாட்டில் பட்டம் பெற்று, பதிவு செய்து, இரண்டொரு ஆண்டு வேலை பார்த்த பிறகு, குதிரை மருத்துவமனையில் உள்பயிற்சிக்கும் மேற்படிப்புக்கும் முயலலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கால்நடை அறிவியல் கல்லூரி குதிரை மருத்துவத்தில் தனித் தேர்வு நடத்துகிறது. அப்போது கையில் தொழில் இருக்கும். தலையில் கடன் இராது. முதலில் உள்ளூரில் அடித்தளம், பிறகு வெளியூரில் மேல்மாடி. இதுவே நாம் சொல்லும் வழி.

பிள்ளைகளே, இதற்கான ஆயத்தம் இப்போதே தொடங்க வேண்டும். நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை எடுங்கள். உயிரியலும் இரசாயனமும் கட்டாயம் வேண்டும்; கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடாதீர்கள். மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாது. அதன் பிறகு ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்து, மிக நல்ல மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும். நேர்முகத் தேர்வும் உண்டு. "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால், பிராணிகள் மேல் ஆசை என்று மட்டும் சொன்னால் போதாது. மாட்டுக் கொட்டகையில் சாணம் அள்ளியதையும், பள்ளி விடுமுறையில் கால்நடை இலாகா அதிகாரியோடு ஊசி போடப் போனதையும் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, நிபோங் திபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ இருந்துகொண்டு, இது நமக்கு எட்டாத கனி என்று எண்ண வேண்டாம். பெண்பிள்ளையால் குதிரையை அடக்க முடியுமா என்றும் தயங்க வேண்டாம். குதிரையைப் பலத்தால் யாரும் அடக்குவதில்லை. அதன் குணமறிந்து பழகித்தான் அடக்குகிறார்கள். அந்தப் பாட்டனார் தம் காலத்தில் வேறொருவர் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். பேத்தி அதே குதிரையின் நெஞ்சில் குழல் வைத்து உயிரைக் காக்கும் நாள் வரலாம். அவள் மகப்பேறு பார்க்கும் முதல் பிராணி தோட்டத்துப் பசுவாகவே இருந்தாலும், அந்தப் படிப்பு வீணாகாது.

அந்தத் தந்தையிடம் நாம் சொன்னது இதுதான்: "குதிரை இல்லாத ஊர் என்று கவலைப்படாதீர்கள். பிள்ளை முதலில் டாக்டராகட்டும். குதிரை இருக்கும் இடத்துக்கு அவளே போய்ச் சேருவாள்."