தாதியாகும் பாதை



மொன்றியல் முதியோர் இல்லங்களில் இரவு வேலை முடித்து முதல் பஸ்ஸில் வீடு திரும்பும் எங்கள் பெண்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். பராமரிப்பாளர்களாக உழைக்கும் அவர்களில் பலர் பதிவுபெற்ற தாதியராக வரலாம். "வயது போயிட்டுது, இனி யுனிவர்சிட்டி எங்கே?" என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் அவர்களை மறித்து வைத்திருக்கிறோம்.

யுனிவர்சிட்டி கட்டாயமில்லை! ஒன்டாரியோவில் 2005 முதல் தாதியாகப் பட்டம் வேண்டும். கியூபெக்கில் இன்றும் சீஜெப் எனும் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமா போதும். டோசன், வானியே, மெசொன்னோவ் கல்லூரிகள் எல்லாம் இந்த நகரத்திலேயே இருக்கின்றன. முழுநேரமாகப் படிக்கும் கியூபெக்வாசிக்குக் கல்விக் கட்டணமும் இல்லை. துணைத் தாதியாக இருப்பவருக்கு இன்னும் குறுகிய பாதையே உண்டு.

படிப்பு முடிந்ததும் தாதியர் சங்கத்தின் பரீட்சை. 2022 செப்டெம்பரில் முதல் தடவை எழுதியவர்களில் 51.4 வீதமானோரே சித்தியடைந்தார்கள். அதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். அதை விசாரித்த தொழில் அனுமதி ஆணையர், அந்தப் பரீட்சையிலேயே கோளாறுகள் இருந்ததாக அறிக்கை தந்தார்.

எங்கள் ஆட்களை உண்மையில் தடுப்பது பிரெஞ்சு. தொழில் அனுமதிக்குப் போதிய பிரெஞ்சு வேண்டும் என்பது 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டம். இதை அநியாயம் என்கிறவர்களுக்கு மானிப்பாயை நினைவூட்டுகிறேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன், தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் மொழி தெரியாமல் வைத்தியம் இல்லை என்பது அவருக்கு விளங்கியிருந்தது. மறதி நோய் முற்றிய ஒரு கியூபெக் பாட்டிக்கு எஞ்சியிருப்பது அவர் தாய் பேசிய பிரெஞ்சு மட்டுமே. எங்கே நோகுது என்று அந்த மொழியில்தான் அவரைக் கேட்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தச் சபையில் இருக்கும் தாதியரே, சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் தாருங்கள்; வார்டில் பேசும் பிரெஞ்சைச் சொல்லிக்கொடுங்கள். அந்த நேரம் பிள்ளைகளைப் பார்க்க மற்றவர்கள் வாருங்கள். கணவன்மாரே, சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலச் சேர்க்கைக்கு மார்ச் 1ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் நிரப்ப உதவி தேவையானவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.