நாலு மணிக்கு பெல் அடிச்சா யார் போய் கூட்டிட்டு வர்றது?

(மகளிர் அணியும் ஐடி விங்கும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நம் ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜூன் மாசம் பிறந்தா ஒன்னாம் வகுப்பு சேர்ற பிள்ளைகளோட போட்டோதான் நம்ம ஸ்டேட்டஸ் முழுக்க. ஆனா சாயந்தரம் நாலு மணிக்கு அந்தப் பிள்ளையை யார் கூட்டிட்டு வர்றாங்கன்னு யாரும் கேட்கிறதில்லை. நான் பேச வந்தது அதைப் பத்திதான்.

திருப்பூர் பனியன் கம்பெனியை எடுத்துக்கோங்க. காலை எட்டரைக்கு உள்ளே போனா ஷிப்ட் முடிய அஞ்சரை. ஆர்டர் அவசரம்னா ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை. இங்கே ஓஎம்ஆர்ல அமெரிக்க கிளையன்ட் கால் ஆரம்பிக்கிறதே சாயந்தரம்தான். சம்பளம் வேற வேற, நாலு மணிக்கு வர்ற பதற்றம் ஒன்னுதான். பிழைப்புக்கு ஊர் விட்டு வந்த குடும்பத்துக்கு பாட்டியும் பக்கத்துல இல்லை. கடைசியில வேலையை விடுறது யாரு? அம்மாதான்!

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2025 வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் வேலை செய்ற ஆலையில குழந்தைகள் காப்பகம் வேணும்னு இருந்துச்சு. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேர் இருக்கிற நிறுவனத்துக்கே காப்பகம் கட்டாயம்னு சொல்லுச்சு. அம்மா ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம். ஆனா தொழிற்சாலைச் சட்டம் பேசினது 6 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைப் பத்தி மட்டும்தான். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதும் சட்டம் கையை விரிச்சிடுது. பள்ளியும் நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிடுது.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமா? 1956-ல காமராசர் மதிய உணவு கொடுத்தார். 1982-ல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா விரிவாக்கினார். 2022-ல மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். விடிகாலையில வேலைக்குக் கிளம்புற அம்மாவோட பாரத்துல பாதி அதுல இறங்குச்சு. காலையும் மதியமும் அரசு பார்த்துக்குது. மிச்சம் இருக்கிறது சாயந்தரம்.

நம்ம கோரிக்கை மூணு.

ஒன்னு: தொடக்கப் பள்ளிகள் சாயந்தரம் ஆறரை வரை திறந்திருக்கணும். ஒரு கிண்ணம் சுண்டல், கொஞ்சம் விளையாட்டு, வீட்டுப்பாடம். இதை ஆசிரியர் தலையில கட்டாம, அந்த ஊர்ப் பெண்களை முறையான சம்பளத்துக்கு நியமிக்கணும்.

ரெண்டு: சின்னப் பிள்ளை இருக்கிற தொழிலாளிக்கு ஓவர்டைம் வேண்டாம்னு சொல்ற உரிமை வேணும். சொன்னதுக்காக வேலை போகக் கூடாது.

மூணு: இந்தச் சலுகையெல்லாம் அப்பாவுக்கும் பொருந்தணும். நம்ம தோழர்களுக்கும்தான் சொல்றேன். பெண் விடுதலைன்னு போஸ்ட் போட்டா மட்டும் போதாது, வாரத்துல ரெண்டு நாளாவது பள்ளி வாசல்ல போய் நில்லுங்க!

உங்க கம்பெனியில காப்பகம் இருக்கா? உங்க ஊர்ப் பள்ளி எத்தனை மணிக்கு மூடுது? கமெண்ட்ல எழுதுங்க. தொகுதிவாரியா தொகுத்து மனுவா கொடுப்போம்.



#நாலுமணிக்கேள்வி #பள்ளிநேரம்_வேலைநேரம்