எல்லைப்புற இல்லங்களில் கிறிஸ்தவத் தமிழ் நூல்கள்



பிழைப்பை நாடித் தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் பலர். இருந்த ஊரிலேயே இருந்து, மாநில எல்லை மாறியதனால் பிற மாநிலத்தவராய் ஆன தமிழரும் உளர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. அவ்வட்டத்துப் பாறசாலையும் அதன் அண்டைச் சிற்றூர்களும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நிலம். 1806 முதல் தென் திருவிதாங்கூரில் பரவிய லண்டன் மிஷன் பணியின் வழியாகத் தமிழ் வேதாகமமும் கீர்த்தனைகளும் இப்பகுதிகளில் வேரூன்றின. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று.

இத்தகைய இல்லங்களில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பாட்டியார் தமிழ் வேதாகமத்தை வாசிப்பார். பேரப்பிள்ளையோ பள்ளியில் மலையாளம் பயில்வான். வீட்டில் பேசும் தமிழ் அவனுக்குத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. இந்நிலை நீடிப்பின், அந்த நூல் மதிப்புடன் போற்றப்படும் பொருளாக அலமாரியில் இருக்கும். அதனை எடுத்துப் படிப்பார் இரார். பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்விடர் புதிதன்று. ஆகவே, தனியே படிப்பதற்கும், சிறு குழுவாகக் கூடிப் பயில்வதற்கும் ஏற்ற நூல்கள் சிலவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாவது, வேதாகமமே. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. பின்னர்ப் பப்ரிசியுஸ் ஐயர் அரிதின் உழைத்து மொழிபெயர்த்தார். பவர் ஐயர் தலைமையில் அமைந்த 1871-ஆம் ஆண்டுப் பதிப்பே இன்றும் சீர்திருத்தச் சபைகளிற் பலவற்றில் வழங்குவது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. பழைய பதிப்பில் கிருபை, இரட்சிப்பு என வருவன, புதியதில் அருள், மீட்பு எனப் பெரிதும் அமைந்துள்ளன. புதிய நடை தமிழகத்து மாணவனுக்கு எளிது. ஆனால் பாறசாலை மாணவனுக்குக் கிருபை, ரட்சை என்பன மலையாளத்தில் நாள்தோறும் கேட்கும் சொற்கள். தெலுங்கு, கன்னட நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கும் அவை அயலானவை அல்ல. ஆதலின் அவர்கள் பழைய பதிப்பின் வழியே உட்புகுந்து, புதியதை அருகில் வைத்துப் பொருள் தெளியலாம். ஓர் அதிகாரத்தை இரு பதிப்புகளிலும் அடுத்தடுத்து வாசித்து, வேறுபடும் சொற்களை ஆராய்வது குழுவுக்கு நல்ல பயிற்சியாகும்.

இரண்டாவது, ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தமிழாக்கமாகிய மோட்சப் பிரயாணம். பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளியாய் இருந்து, சமயப் பிரசங்கத்திற்காகச் சிறைப்பட்ட ஒருவர் எழுதியது இது. சுமை சுமந்து புறப்படும் பயணியின் கதை, சொந்த ஊரைப் பிரிந்தோர் உள்ளத்தை எளிதில் தொடும். இதனை உரைநடையிற் படித்த பின்னர், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைக் கையில் எடுக்க வேண்டும். கம்பரில் தோய்ந்த அப்புலவர், அதே கதையைக் காப்பியமாக ஆக்கினார். கதை முன்னரே தெரிந்திருத்தலின் செய்யுளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. வாரம் பத்துப் பாடல்கள் போதும்.

மூன்றாவது, பாடல்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியும் கீர்த்தனைகளும் எழுத்தறியாதாரும் மனனம் செய்யத் தக்கவை. நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) மலையாளத்தில் புகழ்மிக்க பக்திப் பாடல்கள் இயற்றினார். ஒரு தமிழ்க் கீர்த்தனையும் அவர் பாடல் ஒன்றும் ஒரே கூட்டத்தில் பாடப்பெறின், இளையோர் தம்மை அயலாராக எண்ணார்.

தனி வாசிப்புக்கு, தாமஸ் அக்கெம்பிஸ் நூலின் தமிழ் வடிவமான கிறிஸ்துநாதர் அனுசாரம் சிறந்தது. அதன் அதிகாரங்கள் சிறியன. காலையில் ஒன்று வாசித்து நாள் முழுதும் சிந்திக்கலாம். இலக்கியச் சுவை நாடுவோர் வீரமாமுனிவரின் தேம்பாவணியில் ஒரு படலத்தையேனும் பயில்க. இப்பெரியோர்களின் வரலாற்றை அறிய, ரா. பி. சேதுப்பிள்ளை எழுதிய கிறிஸ்தவத் தமிழ்த் தொண்டர் துணைசெய்யும்.

இனி, குழு நடத்தும் முறை. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டா. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்கட்டும். விளங்காத சொல்லை நிறுத்திக் கேட்கத் தயங்கற்க. முதியவர் பொருள் சொல்ல, இளைஞர் அதனைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு தமிழ் எழுத்துக்களைக் கற்பித்தால், ஓராண்டுக்குள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிப்பர். சபை வேற்றுமைகளைப் பற்றிய வாதத்தைத் தவிர்த்து, படித்ததில் வாழ்வுக்கு ஏற்றது யாது என்னும் ஒரு வினாவோடு கூட்டத்தை முடித்தல் நலம். நூல்களைத் தனித்தனியே வாங்க இயலாதோர், பொதுவில் ஒரு படி வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம்.

ஒன்றை நினைவிற் கொள்க. இந்தியாவில் இந்திய மொழி எழுத்துக்களில் அச்சான முதல் நூல் தமிழ் நூல். பதினாறு பக்கங்கள் கொண்ட தம்பிரான் வணக்கம். போர்ச்சுகலிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளாரின் அந்நூல் 1578-இல் அச்சான இடம் கொல்லம். இன்று அது கேரளத்து நகரம். தமிழ்ப் புத்தகம் அந்த மண்ணுக்குப் புதிய விருந்தாளி அன்று. மலையாளத்தை நன்கு கற்கும் பாறசாலைப் பிள்ளை, பாட்டியாரின் வேதாகமத்தையும் விரித்து வாசிக்கக் கூடும். அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரமும், உடனிருந்து கேட்கும் நாலு பேரும் வேண்டும்.