தண்ணீர் போக வழி விடுங்க!

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், செயற்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பொதுச் சொத்தைப் பராமரிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. கட்டும்போது ஊரே வரும், பராமரிக்க ஒருத்தரும் வர மாட்டாங்க என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை வேறு மாதிரி செய்து காட்டும் சிலரைப் பற்றி இன்று சொல்லப் போகிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் மலைமேல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அவர்கள்.

"மலையிலே சைக்கிளா?" என்று சிரிக்கிறீங்க. உண்மைதான். அவங்க போவது தார் ரோடு இல்லை. காட்டுக்குள்ளே ஒற்றையடிப் பாதை. 1970களில் கலிபோர்னியாவில் டமால்பைஸ் என்ற மலைப் பக்கம் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் சரிவில் இறங்க ஆரம்பித்தார்கள். ஒருமுறை இறங்கினால் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் எரிந்து போகுமாம். மறுபடியும் கிரீஸ் வைத்தால்தான் அடுத்த சவாரி!

சவாரி பரவியது. பிரச்சினையும் கூடவே வந்தது. நடந்து போகிறவர்களும் குதிரையில் போகிறவர்களும் குறை சொன்னார்கள். பாதையில் மண் அரிக்கிறது என்றார்கள். பல பாதைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். அப்போது சைக்கிள்காரர்கள் என்ன செய்தார்கள்? 1988இல் கலிபோர்னியாவின் சில சைக்கிள் சங்கங்கள் ஒன்றுகூடி, சர்வதேச மலை சைக்கிள் சங்கம் ஒன்றை ஆரம்பித்தன. தனித்தனிச் சங்கமாகக் கேட்டால் எடுபடாது, கூடிக் கேட்டால்தான் எடுபடும் என்பது நமக்குச் சொல்லித் தரவேண்டிய பாடமா? நாம் கூட்டமைப்பு ஆனதும் அதற்காகத்தானே!

"பாதையைத் திறந்து விடு" என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். பாதை ஏன் கெடுகிறது என்று மண்ணைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

பாதையைக் கெடுப்பது யார்?

மலைப்பாதையைப் பெரும்பாலும் அரித்துப் போடுவது தண்ணீர்தான். நேராக மேலிருந்து கீழே பாதை போட்டால், மழைத் தண்ணிக்கு அது வாய்க்கால் ஆகிவிடும். அதனால் சில கணக்குகள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று: பாதை சராசரியாக பத்தடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏறக்கூடாது.

இரண்டு: மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சரிவு பத்தடிக்கு நாலடி இறங்குகிறது என்றால், பாதை பத்தடிக்கு ரெண்டடிக்குள்ளே இருக்க வேண்டும். மீறினால் தண்ணி குறுக்கே கடக்காது, பாதை வழியாகவே ஓடும்.

மூன்று: பாதை வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். நாலடி அகலத்துக்குச் சுமார் ரெண்டரை அங்குலம் சாய்வு.

நான்கு: இறங்கிக்கொண்டே போகும் பாதை அங்கங்கே சற்று மேலேறி, மறுபடி இறங்க வேண்டும். அந்தத் தாழ்வான இடத்தில் தண்ணி வெளியே போய்விடும்.

வயலுக்குத் தண்ணி பாய்ச்சியவங்க, சரிவிலே வரப்பு போட்டவங்க நம்மில் பலர் இருக்கோம். இந்தக் கணக்கு நம் கைக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

வேலை நாள் எப்படி?

விடுமுறை நாளில் காலையிலே கூடுகிறார்கள். முதலில் பாதுகாப்புப் பேச்சு. கருவி வீசும்போது அடுத்தவர் மேல் படாத தூரத்தில் நிற்கணும். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொட்டு மாதிரி அலகு உள்ள கருவி வேரையும் வெட்டும், மண்ணையும் வெட்டும். 1910 காட்டுத்தீயில் தன் ஆட்களைக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனக் காவலரின் பெயரால் அதைப் 'புலாஸ்கி' என்கிறார்கள்.

மேலே இருக்கும் இலைமக்கு மண்ணை ஒதுக்கி, அடியில் உள்ள கெட்டி மண்வரை வெட்டிப் பாதை போடுகிறார்கள். ஏனென்றால் மக்கு மண் ஈரத்தை இழுத்துச் சேறாகும்.

இதெல்லாம் கட்டும் வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஆள் போகப் போக பாதையின் நடுப்பகுதி பள்ளமாகும். வெளி ஓரத்தில் மண் சேர்ந்து சின்ன வரப்பாக நிற்கும். தண்ணி வெளியேற முடியாமல் உள்ளேயே ஓடும். அந்த வரப்பை வெட்டி விடணும். அடைத்த இலையை வாரணும். மழை பெய்யும்போதே போய்ப் பார்த்தால், தண்ணி எங்கே தேங்குது என்று தண்ணியே காட்டிக் கொடுக்கும்.

கனடாவில் வான்கூவர் நகரத்துக்கு வடக்கே உள்ள மலைகளில் மழை மிக அதிகம். அங்கே 1997இல் ஆரம்பித்த வடகரை மலை சைக்கிள் சங்கம், ஒவ்வொரு பாதையையும் தத்துக் கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. இந்தப் பாதைக்கு இவங்க பொறுப்பு என்று பெயர் இருக்கும். முன்பு மரப்பலகையால் நிறையப் பாலங்கள் கட்டினார்கள். ஈரத்தில் மரம் உளுத்துப் போகும் அல்லவா? அதனால் இப்போது முடிந்த இடத்தில் கல் பதித்து, கெட்டி மண் போடுகிறார்கள். முதலில் உழைப்பு கூடும், பிறகு பழுது குறையும்.

மண் மட்டும் போதாது

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 'கிங்டம் டிரெயில்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. 1994இல் ஆரம்பித்தது. அதன் பாதைகள் 100 மைலுக்கும் மேல். பெரும்பகுதி தனியார் நிலம். நிலத்துக்காரர்கள் விருப்பப்பட்டு விடுகிறார்கள். 2019 டிசம்பரில் அடுத்தடுத்து நிலம் உள்ள மூன்று பேர், இனி சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பேர்போன சில பாதைகள் போயின. பாதையில் மண் நன்றாகத்தான் இருந்தது. அனுமதி போனால் பாதையும் போச்சு! நிலத்துக்காரரோடும் அக்கம்பக்கத்தோடும் உறவைப் பேணுவதும் பராமரிப்பு வேலைதான்.

"கூலி இல்லாமல் வேலை செய்யச் சொல்றீங்களா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நியாயமான கேள்வி. அவங்களுக்கு அது விடுமுறை நாள் விருப்பம். நமக்கு ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. கூலி தரவேண்டிய வேலையைச் சேவை என்று சொல்லி நம் தலையில் கட்டினால், நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது. அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்வது அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை மட்டும்தான்.

அந்த ஒழுங்கு நம்மிடமும் இருக்கு. வாரா வாரம் சின்னத் தொகை கட்டித்தான் சேமிப்பு வளர்ந்தது. மொத்தமாக யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. பராமரிப்பும் அப்படித்தான். நம் கட்டடமோ, குடிநீர்த் தொட்டியோ, களமோ, எதுவானாலும் மூன்று காரியம் செய்வோம். பொறுப்பாளர் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். மழை பெய்யும்போது போய்ப் பார்ப்போம். பழுது சின்னதாக இருக்கும்போதே கூட்டத்தில் பேசுவோம்.

ஒரு கூடை மண்ணில் தீரும் வேலையை, ஒரு லோடு மண் கேட்கும்வரை விட்டுவைக்க வேண்டாம்.