எழுதித் தருபவரும் விற்பவரும்



மும்பைத் தமிழர் கூட்டம் என்றால் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மண்டபம் பார்ப்பதுதான் வழக்கம். உல்லாஸ்நகர் என்றதும் சிலர் தயங்கினார்கள். இங்கேதான் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. பிரிவினையில் வீடு வாசல் இழந்து சிந்து மாகாணத்திலிருந்து வந்த மக்கள், போர்க்காலத்தில் படை முகாமாக இருந்த கல்யாண் கேம்ப்பில் குடியேறினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று அதை உல்லாஸ்நகர் என்ற நகரமாக்க அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. வந்தவர்கள் தங்கள் உணவுகளான சாயி பாஜியையும் தால் பக்வானையும் கொண்டுவந்தார்கள். தாங்களே அறியாமல் ரத்தத்தில் ஒரு மரபணுக் குறையையும் சுமந்து வந்தார்கள். அதுதான் பீட்டா தலசீமியா. இந்தியாவில் பொதுவாக நூற்றுக்கு மூன்று நான்கு பேர் அந்த மரபணுவைத் தாங்கியிருக்கிறார்கள் என்றால், சிந்தி மக்களிடையே அது வெகு அதிகம். உணவியலாளர்களாகிய நம் தொழிலின் நேர்மையைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சோர்வாக இருக்கிறது என்று ஒரு பெண் நம்மிடம் வருகிறாள். ஹீமோகுளோபின் குறைவு. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவிலும் ரத்தம் இப்படித்தான் இருக்கும். தலசீமியா மரபணுவைத் தாங்கியவரிடமும் இப்படித்தான் இருக்கும். பிரித்தறிய ஃபெரிட்டின் அளவு பார்க்க வேண்டும், ஹீமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் ஐயம் வலுக்கிறது. இதைச் செய்யாமல், மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இரும்பு டானிக்கை எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அவளுக்கு உண்மையிலேயே இரும்புக் குறைவும் சேர்ந்திருந்தால் பயன்படலாம். இல்லையென்றால், தேவையில்லாத இரும்பை மாதக்கணக்கில் விழுங்குவாள், ரத்தம் ஏறாது, கடைசிவரை தன் உடலில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே இருப்பாள். பின்னர் அதே மரபணுவைத் தாங்கிய ஒருவரை மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை கடும் தலசீமியாவோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

அப்படிப் பிறந்த குழந்தைகளை இவ்வூர்ப் பெற்றோர் அறிவார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. நல்ல உடல் ஒரு நாளில் உணவிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான்; சேர்ந்துவிட்ட இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அந்தக் குழந்தைக்கு 'ரத்தம் ஊறட்டும்' என்று இரும்புச்சத்து சேர்த்த மாவு டப்பாவை எழுதித் தருவது அறியாமை. விற்றால் கமிஷன் வரும் என்பதற்காக எழுதித் தந்தால் அதற்கு வேறு பெயர். இரும்புச்சத்து செறிவூட்டிய அரிசிப் பைகளில் தலசீமியா நோயாளிகளுக்கான எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் உணவுச் செறிவூட்டல் விதிகள் கேட்டன. அந்த எச்சரிக்கை வரி தேவையா என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அரிசிப் பைக்கே அவ்வளவு யோசித்தார்கள். நம் கையெழுத்துக்கு நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

நான் இன்று முதலில் சொல்ல வந்தது இது. உணவை எழுதித் தருபவர் அந்த உணவை விற்பவராக இருக்கக் கூடாது. சொந்த டப்பா, கமிஷன், இலவசப் பயணம், மாநாட்டுப் பந்தல் செலவு, எந்த வடிவிலும் கூடாது.

நான் கடுமையாகப் பேசுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். சட்டம் ஏற்கெனவே இந்த வழியில்தான் போயிருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால் பொருள்கள், பாட்டில்கள், குழந்தை உணவுகள் பற்றி 1992இல் இயற்றி 2003இல் திருத்திய சட்டம், அந்த நிறுவனங்கள் தாய் சேய் நலப் பணியாளர்களுக்கோ அவர்களுடைய சங்கங்களுக்கோ பணம் தருவதைத் தடுக்கிறது. கருத்தரங்குக்கும் தரக் கூடாது, ஆராய்ச்சிக்கும் தரக் கூடாது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தையின் தாய்க்கும் உணவு சொல்லும் டயட்டீஷியன் இதற்கு வெளியே நிற்பதாக நினைத்தால் அது பெரும் பிழை.

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா போன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையிலிருந்து எடுக்கும்படி இணைய வணிக நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது என்பது காரணம். எத்தனை ஆண்டுகளாக நம் வீடுகளில் அந்தச் சொல் புழங்கியது! பால் வாங்கவே கணக்குப் பார்க்கும் குடும்பங்கள், பிள்ளை உயரமாக வளர வேண்டும் என்று அந்த டப்பாக்களுக்குச் செலவு செய்தன. அதில் சர்க்கரை எவ்வளவு என்று நாம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படி உரக்கச் சொன்னவர்களும் உண்டு. அமெரிக்க உணவியலாளர்களின் பெரிய அமைப்பு 2015இல் கிராஃப்ட் நிறுவனத்தின் பாலாடைக்கட்டிப் பாக்கெட்டில் தன் குழந்தைநல முத்திரை இடம்பெற ஒப்புக்கொண்டது. எதிர்த்து எழுந்தவர்கள் அதன் உறுப்பினர்களே. ஏற்பாடு கைவிடப்பட்டது. தலைமையைத் தட்டிக் கேட்ட அந்தச் சாதாரண உறுப்பினர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

முன்மாதிரி தேடி நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. சேலத்தில் 1918இல் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் டாக்டர் சி. கோபாலன் இருந்தார். உலகமே 'புரதப் பற்றாக்குறை' என்று பேசி, புரதம் செறிந்த தனி உணவுகளைத் தயாரிப்பதில் இறங்கியிருந்த காலம் அது. நம் குழந்தைகளுக்கு முதல் குறை புரதமல்ல, போதுமான சோறே என்று அவர் சொன்னார். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கூடுதலாகக் கொடுத்து, அவர்கள் நன்றாக வளர்ந்ததைக் கண்டு அவரும் சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்டார்கள். அந்த முடிவால் எந்த டப்பாவும் விற்கப்போவதில்லை. யாருக்கும் லாபம் தராத ஓர் உண்மையைத் துணிந்து சொன்னதால்தான் அவரை இன்று நினைக்கிறேன்.

இன்னொன்று பணத்தைப் பற்றியது அல்ல. ஆனால் இந்த ஊரில் அதைவிடக் கூர்மையானது. திருமணம் நிச்சயமான பெண்ணின் ரத்த அறிக்கை நம் கையில் இருக்கிறது. அவள் தலசீமியா மரபணுவைத் தாங்கியவள். வருங்கால மாமியார் பழகியவர், பாசத்தோடுதான் கேட்கிறார்: "பொண்ணுக்கு ஏதாவது குறையா மேடம்?" தாராவியின் சால் குடியிருப்பிலும் சரி, இங்குள்ள கேம்ப்பிலும் சரி, ஒரு வீட்டுச் செய்தி மாலைக்குள் தெருவெல்லாம் போய்விடும். பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணிடம் மட்டும். அவளிடம் முழுமையாக, பயமுறுத்தாமல் சொல்லி, மாப்பிள்ளையும் ரத்தம் பார்ப்பது ஏன் முக்கியம் என்று விளக்கி, மரபணு ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். மாமியாரிடம் மரியாதையாக மறுக்க வேண்டும். மறுப்பது எளிதல்ல என்பதை அறிவேன். அந்தத் திறமையை நம் கல்லூரிகள் பாடமாகவே கற்றுத்தர வேண்டும். எடை குறைந்தவர்களின் முன்னும் பின்னுமான படங்களை வாட்ஸ்அப்பில் ஏற்றுபவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேர்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனை கட்டம் போட்டு எழுதினாலும், சாப்பிட முடியாத உணவுப் பட்டியல் பட்டியலே அல்ல. விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து புறப்படும் தாராவிக்காரருக்கு ஆலிவ் எண்ணெயும் ப்ராக்கோலியும் எழுதித் தருவது அவரை வெறுங்கையோடு அனுப்புவதாகும். நாச்னி என்னும் கேழ்வரகு, மேத்தி என்னும் வெந்தயக்கீரை, கொண்டைக்கடலை, முட்டை, பொம்பில் மீன் என்று அவருக்கு எட்டும் கடையில் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் சர்க்கரை நோயாளி என்றால், இன்சுலின் போடும் நேரத்துக்கும் முதல் சாப்பாட்டுக்கும் கணக்குச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2021இல் வந்த இணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உணவியலாளரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குமுன் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலை. சட்டப்பூர்வமான பதிவேடு முழுமையாக நடைமுறைக்கு வருவது நல்லது. அதற்காகக் காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியதை இன்றே இந்த மேடையில் தொடங்கலாம்.

பேச வரும் ஒவ்வொருவரும், கட்டுரைக்கு முன், தாம் எந்த உணவு அல்லது மருந்து நிறுவனத்திடம் பணமோ பொருளோ பெற்றிருக்கிறார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் எவரிடமும் பெறவில்லை. இந்தக் கருத்தரங்கின் செலவு பதிவுக் கட்டணத்திலிருந்தும் உறுப்பினர் சந்தாவிலிருந்தும் வருகிறது. கணக்கு வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. முதல் அமர்வு தலசீமியா நோயாளிகளின் உணவு பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.